மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் மருத்துவமனை அனுபவம்: டொங்காட் மாணவிக்கு ஒரு மருத்துவரின் பதில்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதி ஆண்டு படிக்கிறேன், வீடு டொங்காட்டில். மேட்ரிக் எனும் பள்ளி இறுதித் தேர்வை முடித்தபோது மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பட்டம் பெற்றதும் மறுபடி விண்ணப்பிக்க இருக்கிறேன். இங்கே கிடைக்காவிட்டால் பிரிட்டன் அல்லது அமெரிக்கா என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் படிக்கும் என் தோழி, நூற்றுக்கணக்கான மணி நேரம் மருத்துவமனை அனுபவம் இல்லாதவர்களின் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்கிறாள். ஜோஹன்னஸ்பர்கில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கும் மாமா, விடுமுறையில் வந்து தம் அறுவை அரங்கில் நின்று பார்க்கச் சொல்கிறார். பணம் கட்டினால் வேறொரு ஆப்பிரிக்க நாட்டில் மூன்று வாரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ய வைப்பதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்கிறது. இதுவரை நான் செய்ததெல்லாம் கோயில் திருவிழாக்களில் அன்னதானம் பரிமாறியதும், சனிக்கிழமைகளில் அப்பாவின் கடையில் நின்றதும்தான். எனக்கு எத்தனை மணி நேரம் தேவை? எதைத் தேர்ந்தெடுப்பது? மாமாவின் அழைப்பை அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று நாடுகளின் விதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பதால் முதலில் அவற்றைப் பிரித்துவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் மருத்துவ இடம் முதன்மையாக மதிப்பெண்களைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. மேட்ரிக் மாணவர்களுக்கு ஆங்கிலம், கணிதம், இயற்பியல் அறிவியல், உயிர் அறிவியல் ஆகிய பாடங்களின் மதிப்பெண்களும், சில பல்கலைக்கழகங்களில் சேர்க்கைக்கான தேசிய அளவுகோல் தேர்வின் முடிவும் பார்க்கப்படுகின்றன. உங்களைப் போன்ற பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழக மதிப்பெண்களே பெரிதும் பேசும். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், மருத்துவத்துக்கான விண்ணப்பம் மற்றப் படிப்புகளுக்கு முன்பே, ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிடும் என்பதும் முன்பே ஒருமுறை விண்ணப்பித்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை நேராக மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் ஒரு வழியை வைத்திருக்கிறது. அதற்கு எந்தெந்தப் பாடங்களைப் பட்டப் படிப்பில் முடித்திருக்க வேண்டும் என்பதை இந்த வாரமே எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் இறுதி ஆண்டில் ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கலாம். சில நூறு இடங்களுக்குப் பல்லாயிரம் பேர் போட்டியிடும் இடத்தில் உங்கள் தொண்டு மணிகளை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே, தொண்டு செய்யப் போகிறேன் என்று இறுதி ஆண்டின் மதிப்பெண்களைச் சரியவிடாதீர்கள். அப்படிச் சரிந்ததை எந்தத் தலைமைச் செவிலியர் கொடுக்கும் சான்றிதழும் ஈடுசெய்யாது.

அப்படியானால் மருத்துவமனைப் பக்கமே போக வேண்டாமா என்றால், கட்டாயம் போக வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. இந்த நாட்டில் ஆறு ஆண்டுப் படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவராகவும், அதற்குப் பின் ஓர் ஆண்டு அரசு சொல்லும் ஊரில் சமூக சேவை மருத்துவராகவும் பணியாற்றிய பிறகே ஒருவர் தன் விருப்பப்படி மருத்துவம் செய்ய முடியும். ஒன்பது ஆண்டுகளை ஒரு தொழிலுக்குக் கொடுக்கப் போகிறவர், அந்தத் தொழில் சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேட்ரிக்கில் எட்டுப் பாடத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று வந்த பிள்ளைகள், நோயாளியின் படுக்கை ஓரத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் கோப்பைப் புரட்டிக்கொண்டு நிற்பதை வார்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. நோயுற்ற அந்நியர் ஒருவரோடு வெறுமனே உட்கார்ந்திருந்த பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தைக் கல்லூரிக்கு முன்பே பெற்றுவிடலாம், அதற்குப் பட்டமும் வேண்டியதில்லை.

இனி அமெரிக்கா. அங்கே மருத்துவம் நான்கு ஆண்டு பட்டப் படிப்புக்குப் பின் தொடங்குகிறது, அதனால் உங்கள் தோழி சொல்வது அந்த நாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை பெருமளவு உண்மை. அவர்களுடைய பொது விண்ணப்பத்தில் பணி, தொண்டு, ஆய்வு என்று 15 அனுபவங்கள் வரை எழுத இடம் உண்டு. அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்துக் கூடுதலாக விளக்கலாம். நோயாளிகளோடு நேரடியாகப் பழகிய பணி, மருத்துவரின் பின்னால் நின்று கவனித்தது, மருத்துவத்தோடு தொடர்பில்லாத சமூகத் தொண்டு ஆகிய மூன்றையும் தேர்வுக் குழுவினர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஆனால் இத்தனை மணி நேரம் என்று எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது; சுற்றிவரும் எண்களில் பெரும்பாலானவை விண்ணப்பிப்பவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்ளும் எண்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைத் தோழி சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. அமெரிக்காவில் மாணவர்கள் சில மாதப் பயிற்சியில் ஆம்புலன்ஸ் உதவியாளராகவோ, செவிலியர் உதவியாளராகவோ, இரத்தம் எடுப்பவராகவோ சான்றிதழ் பெற்று, அந்த வேலையிலேயே அனுபவத்தைச் சேர்க்கிறார்கள். இங்கே அந்தக் கதவுகள் அப்படித் திறப்பதில்லை. நம் நாட்டில் பழைய குறுகிய கால ஆம்புலன்ஸ் பயிற்சிகள் நிறுத்தப்பட்டு, அவசர மருத்துவப் பணிக்கு ஓர் ஆண்டு உயர் சான்றிதழ், இரண்டு ஆண்டு டிப்ளமா, நான்கு ஆண்டு பட்டம் என்று முறையான படிப்புகள் வந்துவிட்டன. இரத்தம் எடுப்பதற்கும் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு வேண்டும். ஆகவே அமெரிக்க மாணவரின் பட்டியலை வைத்துக்கொண்டு டர்பனில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேலும், அங்குள்ள பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை; சேர்க்கும் கல்லூரிகளில் பல, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஓர் ஆண்டாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்கும்; சில, படிப்புச் செலவு முழுவதையும் முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும். வீட்டில் பேசும்போது அனுபவ மணிகளுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

பிரிட்டன் உங்களுக்குக் கொஞ்சம் அருகில் வரும் வழி. அங்கே விண்ணப்பம் அக்டோபர் 15க்குள் போக வேண்டும், நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு மேல் எழுத முடியாது, யூகேட் என்ற தேர்வை அதே ஆண்டில் எழுதியிருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கான சுருக்கப் படிப்புகளுக்குச் சில இடங்களில் வேறு தேர்வும் உண்டு. 2026 சேர்க்கையிலிருந்து தன்விவரக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அனுபவத்தைப் பொறுத்தவரை, மருத்துவமனைக்குள்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக வற்புறுத்துவதில்லை. முதியோர் இல்லத்திலோ, உடல் குறைபாடு உள்ளவர்களிடையிலோ செய்த பணியையும் சமமாகவே மதிக்கிறார்கள். நேர்காணலில் அவர்கள் கேட்பது எங்கே போனீர்கள் என்பதைவிட, என்ன பார்த்தீர்கள், அதிலிருந்து என்ன புரிந்துகொண்டீர்கள் என்பதைத்தான்.

இங்கிருந்து கடல் கடந்து மருத்துவம் படிக்கப் போவது நம் மக்களுக்குப் புதிய யோசனையன்று. டர்பனில் கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்கான மருத்துவக் கல்லூரி 1951இல் வகுப்புகளைத் தொடங்குவதற்கு முன், டர்பன் மருத்துவர்களான டாக்டர் கூனமும் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய்த்தான் படித்து வந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. வெளிநாட்டில் பெற்ற பட்டத்தோடு திரும்பினால் இங்கே பதிவு செய்ய சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் தேர்வை எழுத வேண்டியிருக்கும் என்பதையும், அதற்காகக் காத்திருந்து நொந்துபோன குடும்பங்கள் நம்மிடையே பல இருக்கின்றன என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சிகிச்சை செய்ய வைக்கும் அந்த நிறுவனத்தைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன்: போகாதீர்கள். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் மருத்துவர் செய்ய வேண்டிய செயலைச் செய்வது குற்றம். எல்லையைத் தாண்டியதும் அந்த நோயாளியின் உடம்பு பயிற்சிப் பொருளாக மாறிவிடாது. தையல் போட்டேன், பிரசவம் பார்த்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால், தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் அதைத் துணிச்சலாகப் படிக்க மாட்டார். தன் எல்லை தெரியாதவர் என்றே படிப்பார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே இத்தகைய பயணங்களைப் பற்றித் தன் மாணவர்களை எச்சரித்து வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் டொங்காட் சமூக சுகாதார நிலையத்தின் காத்திருப்பு வரிசையைத்தான் தேடிப் போவேன். அறுவை அரங்கிலும் அவசரப் பிரிவிலும் மருத்துவத்தின் வேகம் தெரியும். ஆனால் நோய் ஒரு குடும்பத்துக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்பது சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், எச்.ஐ.வி. மருந்துக்காக மாதாமாதம் வந்து உட்காரும் பெஞ்சில்தான் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து டாக்ஸி பிடித்து வந்தவர், வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும்போது மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார். அவருடைய சர்க்கரை அளவு ஏன் கட்டுக்குள் இல்லை என்று உள்ளே மருத்துவர் கேட்கும்போது, அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். இன்சுலினை வைக்க வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பதையோ, பேரப்பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு மிச்சமிருந்தால்தான் தனக்கு என்பதையோ, அவர் மருத்துவரிடம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வார். அந்தப் பக்கத்து இருக்கையில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும், ஆறாத கால் புண்ணோடு எத்தனை பேர் மிகத் தாமதமாக வருகிறார்கள் என்பதும் உங்களுக்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே தெரிந்திருக்கலாம். ஏன் தாமதமாகிறது என்பதைத்தான் இந்த வரிசையில் கற்பீர்கள்.

அங்கே உங்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால், பெருமையான வேலை எதுவும் கிடைக்காது. வரிசையை ஒழுங்குபடுத்துவது, கோப்புகளைத் தேடிக் கொடுப்பது, சக்கர நாற்காலியைத் தள்ளுவது, படிக்கத் தெரியாதவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, மருந்தை வீட்டுக்கு அருகிலேயே பெற்றுக்கொள்ளும் அரசுத் திட்டத்தில் எப்படிப் பதிவதென்று விளக்குவது ஆகியவையே இருக்கும். சிஸ்டருக்கு உண்மையில் உதவியாக இருக்கும் வேலை எது என்று கேட்டு அதையே செய்யுங்கள். யாருக்கும் பயன்படாமல் சுவரோரம் நின்று கவனிக்கும் மாணவரை எல்லாரும் இரண்டாம் வாரத்தில் மறந்துவிடுவார்கள். கோப்பறையை ஒழுங்காக வைத்துக்கொடுப்பவரைத்தான் உள்ளே கூப்பிட்டு, இந்தப் புண்ணைப் பார், இது ஏன் ஆறவில்லை தெரியுமா என்று காட்டுவார்கள்.

இரண்டாவதாக, ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களைச் சொல்வேன். டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் இவை உண்டு. தன்னார்வலர்களை முறையாகப் பயிற்றுவித்துத்தான் நோயாளிகளிடம் அனுப்பும் வழக்கமும் இவற்றில் உண்டு. தொடக்கத்தில் உங்களை அவர்களுடைய பழம்பொருள் கடையிலோ சமையலறையிலோ நிறுத்தலாம். முகம் சுளிக்காமல் நில்லுங்கள். குணமாக்க முடியாத நோயாளிக்கு மருத்துவம் என்ன செய்கிறது என்பதை மாணவப் பருவத்தில் பார்த்தவர்கள் பிற்பாடு நல்ல மருத்துவர்களாக வருவதை நான் கவனித்திருக்கிறேன். ஆனால் அண்மையில் வீட்டில் மரணம் நிகழ்ந்திருந்தால் இதை ஓர் ஆண்டு தள்ளிப்போடுவது நல்லது. முதியோர் இல்லங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1921இலிருந்து நடந்துவரும் ஆரிய பெனெவலெண்ட் ஹோம் போன்ற இல்லங்களில், தமிழ் பேசக் கேட்டு நாளாகிவிட்ட ஆயாக்களும் தாத்தாக்களும் இருப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த உங்கள் தலைமுறைப் பெண் ஒருத்தி வாரம் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், மறதி நோயில் நினைவு எப்படி அடுக்கடுக்காக உதிர்கிறது என்பதை அவர்களே உங்களுக்குக் காட்டிக்கொடுப்பார்கள்.

இந்த இடங்களுக்கெல்லாம் ஜூலை 18ஆம் தேதி போய் நிற்காதீர்கள். மண்டேலா நாளில் ஆளுக்கு 67 நிமிடம் தொண்டு செய்யும் வழக்கத்துக்காக அன்று வார்டு நிறையப் பெயின்ட் வாளியோடும் கேமராவோடும் ஆட்கள் இருப்பார்கள். நோயாளிகளுக்கு அன்று ஒரே நாளில் மூன்று முறை கேக் கிடைக்கும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மழை நாளில் போனால், உங்களை வரவேற்க அவர்களுக்கு நேரமும் இருக்கும், காரணமும் இருக்கும். அரசு மருத்துவமனையானால் நிர்வாகத்துக்கும் நர்சிங் மேலாளருக்கும் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: யார், என்ன படிக்கிறீர்கள், எந்தக் கிழமை எத்தனை மணி முதல் வர முடியும், எத்தனை மாதம் வருவீர்கள் என்பவை போதும். பதில் வராவிட்டால் நேரில் போங்கள். காவல்துறைச் சான்றும், குழந்தைகள் இருக்கும் இடமானால் குழந்தைகளோடு பணியாற்றத் தகாதவர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று காட்ட, குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டுக்கான 30ஆம் எண் படிவமும் கேட்பார்கள். இவை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆகையால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவாசூலு-நட்டாலில் நீங்கள் பார்க்கப்போகும் பெரும்பான்மையான நோயாளிகளின் தாய்மொழி சூலு. பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு செமஸ்டர் சூலு, வணக்கம் சொல்லிப் பெயர் கேட்கும் அளவோடு நின்றுவிடும். வலி எங்கே, எப்போதிலிருந்து, இரவில் இருமல் இருக்கிறதா, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டு, வருகிற பதிலையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு இந்த ஓராண்டில் கற்றுக்கொண்டால், என் கணக்கில் அது எத்தனையோ மணி நேர அறுவை அரங்கக் கவனிப்பைவிடப் பெரிது. மொழிபெயர்க்க ஆள் தேடி துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் நோயாளியின் அந்தரங்கத்தைக் கேட்கும் நிலைமையை நீங்களும் பார்ப்பீர்கள். அதைப் பார்த்த பிறகு யாரும் உங்களை மொழி படிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருக்காது.

நீங்கள் செய்யப்போகும் இந்த வேலைக்கு டர்பனில் ஒரு முன்னோடி இருக்கிறார். 1890களின் பிற்பகுதியில் காந்தி, டாக்டர் பூத் பொறுப்பில் இருந்த சிறிய தர்ம மருத்துவமனைக்குக் காலையில் நாள்தோறும் போய்த் தொண்டு செய்தார். நோயாளியின் குறையைக் கேட்டு அறிவது, அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது, எழுதிக்கொடுத்த மருந்தைக் கலந்து கொடுப்பது ஆகியவையே அவருடைய வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தக் கூலிகள். 1899இல் தொடங்கிய போயர் போரில் நோயுற்ற, காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்ய அவர் முன்வந்தபோது இந்த அனுபவம் துணையாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மருந்து கலந்து கொடுக்கும் பகுதியை இன்றைய சட்டம் உங்களுக்குத் தராது. குறையைக் கேட்டு அறியும் பகுதி, சிஸ்டர் அனுமதித்தால், இன்றும் உங்களுடையது.

உங்கள் உடல்நலம் பற்றி அலட்சியம் வேண்டாம். வார்டுக்குள் போகும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முடித்திருக்க வேண்டும். மூன்று தவணைகளுக்கு ஆறு மாதம் பிடிக்கும் என்பதால் முதல் ஊசியை இந்த மாதமே போட்டுக்கொள்ளுங்கள். காசநோய் மிகுந்த நாடு இது. இருமும் நோயாளிகள் இருக்கும் அறையில் சாதாரணத் துணி முகமூடி போதாது, என்95 வகையைக் கேட்டு வாங்குங்கள், சன்னல் மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, எடை குறைதல் என்று எது வந்தாலும் மறைக்காமல் பரிசோதியுங்கள். ஊசி, பிளேடு கிடக்கும் எதையும் தொடவே கூடாது. தவறிக் குத்திவிட்டால் கழுவிவிட்டு உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கத்தால் ஒரு நாளைக் கழிப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

முதல் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பொறுப்பாளர், செய்த வேலை ஆகியவற்றை ஒரு வரியிலும், மனதில் தங்கியதை நான்கைந்து வரிகளிலும் எழுதினால் போதும்; வெளிநாட்டு விண்ணப்பம் எழுதும்போது இந்த நான்கைந்து வரிகளைத்தான் தேடுவீர்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், ஊர், அடையாளம் காட்டும் எதுவும் அதில் வரக் கூடாது. டொங்காட் போன்ற ஊரில் பெயரை விட்டுவிட்டால் மட்டும் போதாது, இன்ன கடைக்கார ஐயா என்றாலே தெரிந்துவிடும். வார்டுக்குள் படம் எடுக்காதீர்கள், உங்கள் படமாக இருந்தாலும் வாட்சாப்பில் போடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். நம் சமூகத்தில் ஒருவருக்கு காசநோய் என்ற செய்தி அவர் மகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

அன்னதானத்தையும் கடையையும் நீங்கள் வெட்கத்தோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவற்றை மருத்துவ அனுபவம் என்று பூசி மெழுக வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். பந்தியில் நூற்றுக்கணக்கானோருக்கு முகம் கோணாமல் பரிமாறியவரும், கடனைத் திருப்பித் தராத வாடிக்கையாளரிடம் மரியாதை குறையாமல் பேசியவரும் காத்திருப்பு வரிசையில் தடுமாறுவது குறைவு. கோயிலோடு இருக்கும் தொடர்பை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம்: செயின்ட் ஜான் அமைப்பிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ முதலுதவிப் பயிற்சியை முடித்துவிட்டு, தைப்பூசக் காவடியிலும், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவிலும், தீமிதியிலும் முதலுதவிக் குழுவினரோடு நில்லுங்கள். விரதத்தில் மயங்கி விழும் சர்க்கரை நோயாளியை அங்கே நீங்கள் பார்க்காமல் இருக்கப் போவதில்லை.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு என் பதில் இது: ஒரே இடத்துக்கு, வாரம் ஒரு அரைநாள், குறைந்தது ஒரு ஆண்டு. சனிக்கிழமை கடைக்குத் தேவையானால் வேறு கிழமையில் வகுப்பு இல்லாத பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்திய வாரங்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தி வையுங்கள். ஐந்து இடங்களில் பத்து மணி நேரம் போனவருக்கு ஐந்து சான்றிதழ் கிடைக்கும். ஒரே இடத்துக்கு ஓராண்டு போனவருக்கு அதே நோயாளி ஆடி மாதத்தில் எப்படி இருந்தார், தை மாதத்தில் எப்படி இருக்கிறார் என்பது தெரியும்; வெளிநாட்டுக் கல்லூரி பரிந்துரைக் கடிதம் கேட்டால், உங்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு சிஸ்டரோ மருத்துவரோ அதை எழுதுவார். ஓராண்டுக்குப் பிறகு, நோயாளிகளோடு இருப்பது பிடித்திருக்கிறது, ஆனால் மருத்துவர் வேலை வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் வீணன்று. செவிலியர் படிப்பும், இயன்மருத்துவமும், சில பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டில் முடியும், மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் அசோசியேட் பட்டமும் இருக்கின்றன.

மாமாவின் அழைப்பை நீங்கள் மறுக்கவே வேண்டாம். மருத்துவமனையின் அனுமதியும், நோயாளி ஒவ்வொருவரின் சம்மதமும் பெற்றுத் தர அவரால் முடியுமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு, விடுமுறை முழுவதற்கும் பதிலாக இரண்டு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அறுவை அரங்கில் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் பார்ப்பது திரைகளையும் பச்சைத் துணிகளையும்தான். அதற்கு முன்னால், நாளை தன்னை மயக்கப் போகிறார்கள் என்று பயந்துபோய்ப் படுத்திருக்கும் நோயாளியிடம் மாமா போய் உட்கார்ந்து பல் செயற்கைப் பல்லா, முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, இரவு எதுவரை சாப்பிடலாம் என்று பேசுவார் அல்லவா, அந்தப் பத்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும், மாமா, அதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேளுங்கள். எந்த மயக்க மருந்து மருத்துவரிடமும் யாரும் இதைக் கேட்பதில்லை. அவர் மகிழ்ந்துதான் போவார்.